ஆமாம் சொன்னது யார்?

அத்தியாயம் 4

அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகி மேஜைமேல் தயாராக இருந்தது. சித்தி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருந்தார்கள்.

லொடுக்குக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது. துப்பறிகிறவர்கள் வந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை. உட்கார்ந்த நாற்காலி இன்னும் சூடாகவில்லை. அதற்குள் திருடியது யார், எப்போது, எதற்கு என்று மூன்று பத்தியில் எழுதி முடித்து நீட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ‘வாங்க, சமைக்கலாம்’ என்று கூப்பிட்டது போல இருந்தது.

லொடுக்கு என்பது அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. வாய் ஓயாததால் சித்தி வைத்த பெயர். அவள் அவனுடைய அம்மாவின் தங்கை. பதினெட்டு வருஷம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஓட்டிவிட்டு, நாற்பத்தைந்து வயதில் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியவள். நிறுவனம் என்றால் அவள், அவன், ஒரு பழைய ஸ்கூட்டர். வெளியாட்கள் முன்னால் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. அவனும் பத்துக்கு ஆறு தடவை நினைவு வைத்துக்கொள்வான்.

"நாலு மணிக்குத் தேர்வு வாரியத்து அதிகாரி வர்றார் மேடம். கூடவே போலீஸ். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுச் சொன்னதா இருந்தா அவங்க மறுபேச்சுப் பேச மாட்டாங்க. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றார் அச்சக முதலாளி. இஸ்திரி கலையாத சட்டை. இஸ்திரி போட்ட மாதிரியே பேச்சு.

சுவர்க் கடிகாரம் இரண்டேகால் காட்டியது.

விஷயம் இதுதான். அந்த அச்சகத்தில் பள்ளி இறுதித் தேர்வின் வினாத்தாள் அச்சாகிறது. அதற்கென்று மாடியில் ஒரு ரகசிய அறை. அதற்குள் பிழை பார்க்க அச்சிட்ட ஆறு மெய்ப்புத் தாள்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். முந்தாநாள் காலை பத்தே முக்காலுக்கு ஆறும் இருந்தன. பன்னிரண்டு மணிக்கு மிஷின்மேன் எண்ணிப் பார்த்தபோது ஐந்துதான் இருந்தன. நான்காம் எண் தாளைக் காணோம். தேர்வுக்கு இன்னும் எட்டே நாள்.

"இது எங்க கதவுப் பட்டியல்" என்று முதலாளி ஒரு நீளத் தாளை விரித்தார். இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள். "இந்தக் கட்டடத்துல எந்தக் கதவுக்கும் சாவி கிடையாது, கார்டுதான். உள்ள போகவும் கார்டு, வெளிய வரவும் கார்டு. எந்தக் கார்டு, எந்தக் கதவு, எத்தனை மணி, எல்லாத்தையும் கம்ப்யூட்டர் எழுதிக்கும். மனுஷன் பொய் சொல்வான். இது சொல்லாது."

சிவப்புப் பேனாவால் ஒரு வரியின் கீழே இரண்டு கோடு. 23, ரகசிய அறை, உள்ளே, 10:52.

"இருபத்து மூணு யாரு?" என்றாள் சித்தி.

"எங்க ப்ரூஃப் ரீடர். கமான்னு கூப்பிடுவோம். பத்து அம்பத்திரண்டுக்கு உள்ள போனவன் வெளிய வந்ததாப் பதிவே இல்ல. பன்னிரண்டு வரைக்கும் வேற யாரும் உள்ள போகல. அவன் பொண்ணு இந்த வருஷம் அதே பரீட்சை எழுதுறா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"வெளிய வராதவர் மத்தியானம் ரெண்டு பத்துக்கு மறுபடியும் உள்ள போயிருக்காரே சார்?" என்று லொடுக்கு தாளில் விரலை வைத்தான். "நடுவுல ஜன்னல் வழியா குதிச்சாரா?"

"அங்க ஜன்னலே கிடையாது தம்பி. வேற யாராவது கதவைத் திறக்கறப்ப ஒட்டிக்கிட்டு நழுவியிருப்பான். திருடுறவன் கார்டைக் காட்டிட்டா போவான்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் லொடுக்குக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க அந்த அறைக்குப் போவீங்களா?" என்றாள் சித்தி.

"நானா? ரெண்டு வருஷமாச்சு கால் வெச்சு. வாரியத்தோட ஒப்பந்தமே அப்படி. முதலாளி உள்ள வரக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கேன்."

அவர் எழுந்து அவர்களை வெளியே அனுப்பக் கதவருகில் வந்தார். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் கதவோரத்துப் பெட்டியில் இழுத்தார். கதவு ‘டிக்’ என்றது. "என் அறைக்கு மட்டும் என் கார்டுதான். வேற எந்தக் கார்டை இழுத்தாலும் திறக்காது" என்று பெருமையாகச் சொன்னார்.

சித்தி பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அறிக்கையை மேஜைமேலேயே விட்டுவிட்டாள்.

*

கமா கிடங்கில் ஒரு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவரைச் சுற்றி வேலை நடந்தது. கட்டுகளை இறக்கினார்கள், ஏற்றினார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தாநாள் வரை அவரோடு சிரித்துப் பேசியவர்கள் என்பது அவர்கள் நடையிலேயே தெரிந்தது. அவரைத் தாண்டும்போது மட்டும் எல்லாருக்கும் கால் வேகமாகிவிட்டது.

"நான் வெளிய வந்தேம்மா. பதினொண்ணே காலுக்கு டீ வரும். டீ வாசனை மாடிப்படி வரைக்கும் வந்தப்போ நான் வெளிய வந்தேன். கார்டை இழுத்துட்டுத்தான் வந்தேன். டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு."

"யாராவது பார்த்தாங்களா?"

"டீ குடிச்சப்போ நாலு பேர் பார்த்தாங்க. ஆனா யாருக்கும் மணி ஞாபகம் இல்லையாம். நேத்துலேருந்துதான் அப்படி ஞாபகம் இல்ல."

"பொண்ணு அந்தப் பரீட்சை எழுதுறப்போ நீங்க ஏன் சார் அந்த அறைக்குள்ள போனீங்க? வேற வேலை கேட்டிருக்கலாமில்ல?" என்றான் லொடுக்கு.

கமா நிமிர்ந்தார். "கேட்டேனே! நாலு மாசம் முன்னாடியே எழுதிக் கொடுத்தேன், என்னை வேற பிரிவுக்கு மாத்துங்கன்னு. முதலாளி கையிலேயே கொடுத்தேன். உன்னை நம்பாம நான் யாரை நம்பறதுன்னு சொல்லி மேஜை டிராயர்ல போட்டார். எனக்கு அன்னிக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?" அவர் காகிதக் கட்டின் கயிற்றைத் திருகினார். "என்னை ஜெயில்ல போட்டாக்கூடப் பரவாயில்லம்மா. என் பேர் எழுதினா என் பொண்ணை எந்தப் பரீட்சை ஹாலுக்குள்ளயும் மூணு வருஷத்துக்கு விட மாட்டாங்களாம். அவ விடிஞ்சா எழுந்து படிக்கிறா. இன்னும் அவகிட்ட சொல்லல."

லொடுக்குக்கு வாயில் ஒரு நக்கலும் வரவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மட்டும் தோன்றியது.

மாடிப்படி ஏறும்போது சித்தி கேட்டாள். "என்னடா, வாயே திறக்கல?"

"அவர் பொய் சொல்றாரா சித்தி?"

"ஒருத்தர் பொய் சொல்றார், இல்லன்னா கம்ப்யூட்டர் பொய் சொல்லுது. ஆளைக் கேட்டாச்சு. இப்ப அதைக் கேப்போம்."

*

கம்ப்யூட்டர் அறை என்பது ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு பிரிண்டர், ஓர் ஆபரேட்டர். திரை கறுப்பு, எழுத்து வெள்ளை. படம் இல்லை, வண்ணம் இல்லை.

"மவுஸ் எங்க?" என்றான் லொடுக்கு.

"இதுக்கு மவுஸ் கிடையாது சார்" என்றாள் ஆபரேட்டர். இருபத்திரண்டு வயதுப் பெண். விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் அடிக்கடி கதவுப்பக்கம் போய் வருவதை லொடுக்கு குறித்துக்கொண்டான். குற்றமில்லாதவர்களுக்கு நகம் இவ்வளவு ருசியாக இருக்காது என்பது அவன் கட்சி.

"தினமும் அஞ்சு மணிக்கு என்னம்மா பண்ணுவ?" என்றாள் சித்தி.

"பட்டியல்னு ஒரு வார்த்தை அடிச்சு என்டர் தட்டுவேன் மேடம். மீதியெல்லாம் அதுவே பண்ணிக்கும். அச்சடிக்கும், அன்னிக்குப் பதிவை அழிக்கும், முடிஞ்சுதுன்னு சொல்லும். நான் தாளைக் கிழிச்சு முதலாளிகிட்ட கொடுப்பேன். ஒரு பிரதி இங்க ஃபைல்ல இருக்கும்."

"முந்தாநாளும் அப்படித்தானா?"

பெண் தயங்கினாள். "அன்னிக்குப் பாதியில பேப்பர் சிக்கிக்கிச்சு மேடம். பிரிண்டரும் நின்னுடுச்சு, கம்ப்யூட்டரும் அசையல. நான் பயந்து போய்ப் பவரை அணைச்சுட்டேன். அப்புறம் போட்டு மறுபடியும் முதல்லேருந்து ஓட்டினேன். யார்கிட்டயும் சொல்லல."

லொடுக்கு சித்தியைப் பார்த்தான். தாள் காணாமல் போன அதே நாள், அதே பட்டியல், பாதியில் பவர் கட்! அவன் புருவம் நெற்றியின் உச்சிக்குப் போய்விட்டது. சித்தியோ ஒன்றுமே கேட்காதவள் போலப் பிரதிகள் இருந்த ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தாள்ல மட்டும் தேதி பேனாவால எழுதியிருக்கே?"

"அதுவா? மாசத்துல ஒரு நாள் மட்டும் மேலே தேதி வராது மேடம். மெஷினுக்கு மாசம் ஒரு நாள் லீவு போலன்னு நானே எழுதிடுவேன்."

சித்தி இன்னும் மூன்று மாதம் பின்னால் புரட்டினாள். பேனாவால் எழுதிய தேதி இன்னும் மூன்று தாளில் இருந்தது. அவள் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நாலும் பதினேழாம் தேதி.

"லொடுக்கு, இந்தா பத்து தாள். இதுல கமா மாதிரி உள்ள போயி வெளிய வராதவங்க வேற யாராவது இருக்காங்களா பாரு."

எந்த நம்பர் யாருடையது என்று ஆபரேட்டர் சொல்லச் சொல்ல அவன் விரலை ஓட்டினான். "இருக்காங்களாவா? பைண்டர் போன செவ்வாய்க்கிழமை உள்ள வந்தவர் வீட்டுக்கே போகல. மறுநாள் காலையில மறுபடியும் வாசல் வழியா உள்ள வர்றார். பெருக்கற அம்மா உள்ள போகாமலே வெளிய வந்திருக்காங்க. மிஷின்மேன் ரெண்டு தடவை தொடர்ந்து உள்ள போறார். என்ன சித்தி இது, இந்தக் கட்டடமே ஆளை விழுங்கித் துப்புதா?"

"மேடம்" என்று திருத்தினாள் சித்தி. "இப்ப மணியை விட்டுடு. நிமிஷத்தை மட்டும் பாரு. பதினாறாவது நிமிஷம் இருக்கா?"

"ஒன்பது பதினாறு, ரெண்டு பதினாறு, நாலு பதினாறு... நிறைய இருக்கு."

"பதினெட்டு?"

"அதுவும் இருக்கு."

"பதினேழு?"

லொடுக்கு ஒரு தாளைப் பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். பத்து தாளையும் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு மறுபடியும் முதல் தாளுக்கு வந்தான்.

"ஒண்ணுகூட இல்ல. பத்து நாள்ல எந்த மணியிலயும் பதினேழாவது நிமிஷத்துல ஒருத்தர்கூட நடக்கல. பதினேழுன்னா இவங்களுக்கு என்ன பயம்? ராசியில்லாத நம்பரா?"

"பதினொண்ணே காலுக்கு டீ வந்தது. அவர் தாளை அடுக்கி வெச்சு, கதவுகிட்ட வந்து கார்டை இழுக்க ரெண்டு நிமிஷம் ஆகும்" என்றாள் சித்தி. "அவர் பொய் சொல்லல. பொய் சொன்னது இது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பினாள். ‘பட்டியல்’ என்ற அந்த வார்த்தைக்குப் பின்னால் கட்டளைகளை எழுதி வைத்திருந்த பேட்ச் ஃபைலைத் திரைக்குக் கொண்டுவந்தாள். மொத்தமே இரண்டு வரிதான்.

TYPE C:\KADHAVU\PADHIVU.LOG | FIND /V "17" > PRN
ECHO Y | DEL C:\KADHAVU\*.*

லொடுக்குக்கு அது சலவைக் கணக்கு மாதிரித் தெரிந்தது. "தமிழ்ல சொல்லுங்க."

"அந்த நெட்டுக்கோடு இருக்கு பாரு, அதுக்குக் குழாய்னு பேரு. இடது பக்கம் ஊத்தறது வலது பக்கம் வந்து விழும். முதல் வரி, கதவுப் பதிவை முழுசா எடுத்துக் குழாய்ல ஊத்துன்னு சொல்லுது. குழாய்க்கு அந்தப் பக்கம் ஒரு வடிகட்டி. பதினேழுன்னு எழுதியிருக்கிற வரியையெல்லாம் விட்டுட்டு மீதியை அச்சடி. அவ்வளவுதான்."

"யாரோ பதினேழாம் நம்பர் கார்டை மறைக்கப் பார்த்திருக்காங்க!"

"ஆமா. ஆனா வடிகட்டிக்கு அது கார்டா, நிமிஷமா, தேதியான்னு தெரியாது. பதினேழைக் கண்டா விடாது. யாரோ தன்னை ஒளிச்சுக்கிட்டாங்க. கூடவே கமா வெளிய வந்த வரியும் அடிபட்டுப் போச்சு."

லொடுக்கு சட்டென்று ஆபரேட்டர் பக்கம் திரும்பினான். "தினமும் இதை ஓட்டறது நீங்க. பவரை அணைச்சதும் நீங்க. நகத்தைக் கடிக்கிறதும் நீங்க!"

"ஐயோ, எனக்கு இதுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாது சார்!" பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாளாச்சும்மா?" என்றாள் சித்தி.

"ஒன்றரை வருஷம்."

"இந்த ஃபைலைக் கடைசியாத் தொட்டது ரெண்டு வருஷம் முன்னாடி. தேதி பக்கத்துலயே இருக்கு. அவளை விடுடா."

லொடுக்கு இரண்டடி பின்வாங்கினான். அவனுடைய நகச் சித்தாந்தம் அரை நிமிஷத்தில் அடிபட்டுப் போனது.

"பதினேழு யாரோட கார்டு?" என்று சித்தி கேட்டாள்.

பெண் கார்டுப் புத்தகத்தை எடுத்தாள். பதினைந்து, பதினாறு, பதினெட்டு. "தொலைஞ்சு போன கார்டுன்னு நினைச்சேன் மேடம்."

"சரி, அன்னிக்கு முழுப் பதிவைப் பார்ப்போம். வடிகட்டாதது." லொடுக்கு உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டான்.

சித்தி திரையின் இரண்டாவது வரியைக் காட்டினாள். "அதான் இல்ல. ஒரு இடத்துல இருக்கிற எல்லாத்தையும் அழின்னு சொன்னா இந்தக் கம்ப்யூட்டர் நின்னு கேக்கும், நிச்சயமான்னு. ஆமாம்னா ஒய், இல்லன்னா என். மனுஷங்க அந்தக் கேள்வியைப் பார்த்தா ஒரு நிமிஷம் யோசிப்பாங்க இல்லையா? அதனால ஆமாம்ங்கிற பதிலையும் குழாய்லயே அனுப்பிட்டாங்க. தினமும் அஞ்சு மணிக்கு அது கேக்கும், இதுவே ஆமாம்னு சொல்லும், எல்லாம் அழிஞ்சு போகும். நடுவுல மனுஷ விரலே கிடையாது."

மணி மூன்று நாற்பது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. கீழே கிடங்கில் ஒரு மனிதர் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து நாலு மணிக்காகக் காத்திருப்பது லொடுக்குக்கு ஞாபகம் வந்தது. பதினேழு என்று ஒரு நம்பர் இருந்தது என்று சொன்னால் போலீஸ் சிரிக்கும். அந்த நம்பர் எந்தக் கதவைத் திறந்தது என்று காட்ட வேண்டும்.

"அவ்வளவுதானா சித்தி?"

மேடம் என்று அவள் திருத்தவில்லை. நகத்தைக் கடிக்கும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாள் பேப்பர் சிக்கினப்போ, அச்சு ஆரம்பிச்சிருந்துச்சா?"

"பாதிப் பக்கம் வந்திருந்துச்சு மேடம்."

"பவரை அப்படியே அணைச்சியா? வேற எதுவும் அடிக்காம?"

"அப்படியேதான். தப்புங்களா?"

சித்தி சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டர்ல உண்மையான குழாய் கிடையாது லொடுக்கு. ஒரு நேரத்துல ஒரு வேலைதான் இதால செய்ய முடியும். அதனால இடது பக்கம் சொன்னதை முதல்ல முழுசா ஒரு தற்காலிக ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். அப்புறம் அதை எடுத்து வடிகட்டும். வேலை முடிஞ்சதும் அந்த ஃபைலைத் தானே அழிச்சிடும். வேலை முடிஞ்சாத்தான்."

"பாதியில பவரை அணைச்சுட்டா?" என்று லொடுக்கு கேட்டுவிட்டு, பதில் தானே புரிந்துபோய், நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான்.

சித்தி வட்டின் முதல் அடுக்குக்குப் போய் அங்கே இருந்ததையெல்லாம் வரிசையாகக் கொட்டச் சொன்னாள். ஐந்தாறு பெயர்கள் வந்தன. நடுவில் ஒன்று, யாரும் வைக்காத பெயர். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் எட்டு எழுத்து. பக்கத்தில் முந்தாநாள் தேதி, மாலை ஐந்து மணி இரண்டு நிமிஷம்.

"சாமி!" என்றான் லொடுக்கு.

சித்தி கைப்பைக்குள் எதையோ துழாவினாள். கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கம் ‘கர்ர்’ என்று ஒரு முறை முனகியது. மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு லொடுக்கு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் அவள் அந்த எட்டு எழுத்தை அடித்தாள். வரிகள் மேலே ஓடின.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! அதோ. இருபத்து மூணு, ரகசிய அறை, வெளியே, பதினொண்ணு பதினேழு!" லொடுக்கு திரையை விரலால் தட்டினான். "சொன்ன மாதிரியே வெளிய வந்திருக்கார் மனுஷன்."

"அதுக்குக் கீழே பாரு."

17, ரகசிய அறை, உள்ளே, 11:31. 17, ரகசிய அறை, வெளியே, 11:36.

ஐந்தே நிமிஷம்.

"இப்ப கடைசிக் கேள்வி" என்றாள் சித்தி. "நான் அந்த அச்சடிச்ச பட்டியலை வாங்கினதும் முதல்ல எதைத் தேடினேன் தெரியுமா? நாம உட்கார்ந்திருந்த அறைக் கதவை. கட்டடத்துல எல்லாக் கதவும் அதுல இருந்துச்சு, அந்த ஒரு கதவு மட்டும் இல்ல. பட்டியல்படி பார்த்தா அந்த அறை திறக்கவே இல்ல. இப்ப இதுல பாரு."

லொடுக்கு மேலே தேடினான். 17, வாசல், உள்ளே, 9:41. அடுத்த வரி: 17, முதலாளி அறை, உள்ளே, 9:43.

வேற எந்தக் கார்டை இழுத்தாலும் திறக்காது. அவரே பெருமையாகச் சொன்னது.

"அறிக்கையில கையெழுத்து ஆச்சா மேடம்?"

மூவரும் திரும்பினார்கள். முதலாளி வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் கண் திரையைப் பார்த்தது. ஒரு முறை பார்த்தது, அப்புறம் வேறெங்கும் போகவில்லை.

"இது தினமும் அழிஞ்சுடுமே" என்றார் மெதுவாக. கேள்வியாக இல்லை, புலம்பலாக வந்தது.

"அழியணும்தான். பேப்பர் சிக்கிக்கிச்சு" என்றாள் சித்தி. "ரெண்டு வருஷம் முன்னாடி மெஷினை மாட்டினவர்கிட்ட, என் கார்டு பட்டியல்ல வரக் கூடாதுன்னு சொன்னீங்க. முதலாளி வர்றதும் போறதும் ஆளுங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சாதாரணமாத்தான் சொல்லியிருப்பீங்க. இப்ப அது வேற காரியத்துக்கு வசதியாப் போச்சு. உங்க வீட்டுல யார் பரீட்சை எழுதுறாங்க?"

முதலாளியின் இஸ்திரி முதல் தடவையாகக் கலைந்தது. "என் பையன். ரெண்டு தடவை எழுதிட்டான். இது மூணாவது. இதுலயும் போச்சுன்னா அவனை நான் என்ன பண்றது? சொல்லுங்க."

"அதுக்கு கமாவோட பொண்ணா கிடைச்சா?" என்று லொடுக்கு கத்திவிட்டான். "நாலு மாசம் முன்னாடி அவர் கொடுத்த கடிதாசை அதுக்குத்தான் டிராயர்ல போட்டீங்களா?"

முதலாளி அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆபரேட்டரைப் பார்த்தார். குரல் மறுபடியும் வழவழப்பானது. "இங்க பாரும்மா. இது என் மெஷின். இதுல இருக்கிறதை அழிக்க எனக்கு உரிமை இருக்கு. நாளைக்கும் நீ இங்க வேலைக்கு வரணுமில்ல? எழுந்து வந்து எல்லாத்தையும் அழி."

லொடுக்கு விசைப்பலகைக்குக் குறுக்கே பாய்ந்தான். சித்தி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, தானும் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"சித்தி! என்ன பண்றீங்க?"

"நாற்காலி அவளோடது. அவ உட்காரட்டும்."

பெண் உட்கார்ந்தாள். எல்லாத்தையும் அழி என்று அடித்தாள். என்டரைத் தட்டினாள்.

கம்ப்யூட்டர் அழிக்கவில்லை. ஒரு வரி எழுதிவிட்டு நின்றது.

"என்னது இது?" என்றாள் பெண்.

"கேள்வி" என்றாள் சித்தி. "எல்லாம் அழிஞ்சுடும், நிச்சயமான்னு கேக்குது. ஒன்றரை வருஷமா தினமும் உன்னைத்தான் கேட்டுக்கிட்டிருந்துச்சு. வேற ஒருத்தர் பதில் சொல்லிக்கிட்டிருந்ததால உன் கண்ணுல படல."

கீழே வாசல் கதவு ‘டிக்’ என்றது. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். இன்னும் நாலாகவில்லை. அதிகாரி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"ஒய்யை அழுத்து!" என்றார் முதலாளி. "ஒய்!"

பெண் அந்தக் கேள்வியைப் படித்தாள். உதடு அசைய, எழுத்து எழுத்தாகப் படித்தாள். அப்புறம் நகம் கடித்துக் குட்டையாகிப் போன அந்த விரலால் ‘என்’ என்ற எழுத்தை அழுத்தினாள். மறுபடியும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தவள் போல இன்னொரு முறையும் அழுத்தினாள்.

*

வாரியத்து அதிகாரி அந்த எட்டு எழுத்து ஃபைலை வடிகட்டி இல்லாமல் அச்சடித்து வாங்கிக்கொண்டார். முதலாளியிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தாள் எங்கே என்று. வீட்டில், பையன் மேஜையில் என்று பதில் வந்தது. அந்த வினாத்தாள் ரத்தாகும், வேறு தயாராகும் என்றார் அதிகாரி. முதலாளியை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் கிளம்பியபோது அதில் யார் போகவேண்டும் என்று முதலாளி அறிக்கை எழுதி வைத்திருந்தாரோ, அந்தக் கமா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

லொடுக்குக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அவ ஒய் அழுத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கமா கதை முடிஞ்சிருக்கும்! உங்களுக்குப் பைத்தியமா சித்தி?"

சித்தி கைப்பையைத் திறந்து, ஒரு சதுர ஃபிளாப்பியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "அவர் வாசல்ல வந்து நிக்கறதுக்கு முன்னாடியே ஒரு பிரதி எடுத்தாச்சு. கர்ர்னு சத்தம் வந்துச்சே, நீ எங்க இருந்த?"

"அப்புறம் ஏன் அந்தப் பொண்ணை உட்கார வெச்சீங்க?"

"அவளும்தான் ஒன்றரை வருஷமா அந்தப் பட்டியலை ஓட்டியிருக்கா. நாளைக்கு யாராவது கேட்டா, நான் இல்லன்னு சொன்னேன்னு சொல்ல அவளுக்கு ஒரு இடம் வேணாமா?"

கமா படியிறங்கி வந்தார். கையில் புதிதாக அச்சான தாளின் ஒரு பிரதி. பதினொன்று பதினேழு என்ற வரியை அவர் விரல் விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்த வரியின் ஓரத்தில், பிழையில்லாத வரிக்கு அவர் இருபது வருஷமாகப் போடும் அந்தச் சின்னச் சரிக்குறியைப் போட்டார்.

"மணி என்னாச்சும்மா?" என்றார்.

"நாலே முக்கால்."

"அஞ்சு மணிக்கு அவ படிக்க உட்காருவா. பக்கத்துல யாராவது இருந்தா அவளுக்குத் தெம்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். கார்டைப் பெட்டியில் இழுத்தார். ‘டிக்’ என்று சத்தம் வந்தது. அவர் கதவைத் திறக்காமல் ஒரு விநாடி நின்று, திரும்பி லொடுக்குவைப் பார்த்தார்.

"கேட்டுச்சு சார்" என்றான் லொடுக்கு. "நான் சாட்சி."